அதர் தேடும் சக்கரங்கள்: நாவலூர்ப் பக்கத்து வழிகளும் வண்டிகளும்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பழைய மாமல்லபுரம் சாலையில் இருவகை மோட்டார் சைக்கிள்காரர்களைக் காணலாம். ஒரு சாரார் வேகத்தை நாடுபவர்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையை அடைந்து புதுச்சேரி நோக்கிப் பறந்துவிடுவார்கள். மற்றொரு சாரார் சற்று வினோதமானவர்கள். முழங்காலுக்குக் கவசம், மார்புக்குக் கவசம், தாடை நீண்ட தலைக்கவசம் எல்லாம் அணிந்து, நாவலூரில் மேற்கே தாழம்பூர்ப் பக்கம் திரும்பி, நல்ல தார்ச்சாலை இருக்க அதைவிட்டு மண்ணில் இறங்குவார்கள். இரண்டு மணி நேரம் சேற்றிலும் மணலிலும் கருங்கல் சரளையிலும் புரண்டு, பத்து மணிக்குள் இட்லிக் கடையில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். திங்களன்று இவர்களில் பெரும்பாலோர் அதே சாலையின் கண்ணாடிக் கட்டடங்களுக்குள் கணினி முன் இருப்பார்கள்.

இவர்கள் இதனை ‘ஆஃப் ரோடு’ என்கிறார்கள். சாலைக்கு வெளியே என்பது பொருள். ஆனால் சாலைக்கு வெளியே என்று ஓர் இடம் தொண்டை மண்டலத்தில் உண்டா? இவர்கள் சக்கரம் பதிக்கும் ஒவ்வோர் அடியும் யாரோ ஒருவர் வேறொரு காரியத்துக்காக ஏற்படுத்திய வழிதானே? இக்கேள்வியை வைத்துக்கொண்டு வழியின் வரலாறு, வண்டியின் வரலாறு, விளையாட்டின் வரலாறு ஆகிய மூன்றையும் சுருக்கமாகப் பார்க்கலாம். மூன்றும் சேருமிடம் நாவலூரின் மேற்கே இருக்கும் ஏரிக்கரை.

வழிக்கு எத்தனை பெயர்!

பழந்தமிழில் வழியைக் குறிக்கும் சொற்கள் பல. ஆறு, நெறி, வழி, அத்தம், சுரம், அதர், இயவு எனப் பட்டியல் நீளும். இவற்றை ஒருபொருட் பன்மொழி என்று நாம் மாணவர்க்குச் சொல்லிக் கடந்துவிடுகிறோம். உண்மையில் அவை ஒவ்வொன்றும் நடப்பவனின் காலுக்கு வேறு வேறாகத் தெரிந்தவை. அத்தமும் சுரமும் பாலையின் வெம்மையோடு வருபவை. அதர் பெரும்பாலும் கல்லும் முள்ளும் நிறைந்த ஒடுங்கிய வழி. ஆங்கிலத்தில் ‘டிரெயல்’ என்று மோட்டார் சைக்கிள்காரர்கள் சொல்வதற்கு நேரான சொல் வேண்டுமென்றால் நாம் அகராதி செய்ய வேண்டியதில்லை. அதர் இருக்கவே இருக்கிறது.

வழி சொல்வதற்கென்றே ஓர் இலக்கிய வகையை வைத்திருந்த மொழி நம்முடையது. பத்துப்பாட்டில் பாதி ஆற்றுப்படைகள். சிறுபாணாற்றுப்படை ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடம் செல்லும் பாணனை எயிற்பட்டினம் வழியாக அனுப்புகிறது. மரக்காணத்தை ஒட்டிய பகுதியே எயிற்பட்டினம் என்பது ஆய்வாளர் பலரின் துணிபு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் இன்று வண்டியோட்டுபவர் அந்தப் பாணனின் நெய்தல் நிலத்தைத்தான் கடக்கிறார்.

ஆயினும் கரடுமுரடான வழிக்கு இலக்கணம் வகுத்த நூல் மலைபடுகடாம்தான். இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடிய இந்த 583 அடிகளில், செங்கண்மாத்து வேள் நன்னனைக் காணச் செல்லும் கூத்தருக்கு வழியின் இடர்கள் ஒவ்வொன்றாகச் சொல்லப்படுகின்றன. பன்றிக்கு வைத்த பொறிகள் எங்கே இருக்கும், பாம்பு கிடக்கும் குழிகள் எவை, தினைக்காவலர் எறியும் கவண்கல் எப்படி வரும், வழுக்கும் பாறையில் எதைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் புலவர் எச்சரிக்கிறார். அவற்றுள் ஓர் அறிவுரை என் நெஞ்சைவிட்டு அகலாதது. வழி பிரியும் இடத்தில், செல்ல வேண்டிய வழியைத் துடைத்துச் சீராக்கி, அடையாளமாகப் புல்லை முடிந்து வைத்துச் செல்லுங்கள் என்கிறார். பின்னால் வருபவன் தடுமாறாமல் இருக்க இந்த ஏற்பாடு. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் தேவைப்படும்.

வண்டியோடு வழி சென்றவர்கள் உமணர்கள். உப்பேற்றிய வண்டிகளை எருது பூட்டி உள்நாட்டுக்கு ஓட்டிச் சென்றவர்கள். மேடும் பள்ளமும் வண்டியை என்ன செய்யும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆகவே வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போனார்கள். சேம அச்சு என்று இதற்குப் பெயர். புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார் பொகுட்டெழினிக்கு இதையே உவமை ஆக்கினார். இன்றைய வார இறுதிக்காரர் இருக்கைக்கு அடியில் மாற்று டியூபும் காற்றடிக்கும் பம்பும் கட்டிக்கொள்கிறாரே, அதன் மூத்த வடிவம் இது.

இடைக்காலத்தில் பெருவழிகள் வந்தன. கோவைக்கு அருகே சுண்டக்காமுத்தூரில் இராசகேசரிப் பெருவழிக் கல்வெட்டு இருக்கிறது. தருமபுரிப் பகுதியில் கிடைத்த அதியமான் பெருவழிக் கல், நாவல் தாவளத்துக்கு 29 காதம் என்று தொலைவு சொல்கிறது. எழுத்தறியாதவரும் புரிந்துகொள்ளும்படி, பத்துக்கு ஒரு பெரிய குழியாக இரண்டும், ஒன்றுக்கு ஒரு சிறிய குழியாக ஒன்பதும் அக்கல்லில் வெட்டப்பட்டுள்ளன. பெயரில் நாவல் இருப்பதைக் கொண்டு நம் நாவலூரோடு முடிச்சுப் போட வேண்டியதில்லை. சுந்தரர் பிறந்த திருநாவலூரும் இதுவன்று. அது உளுந்தூர்பேட்டைப் பக்கம் உள்ளது. நாவல் மரம் நின்ற இடமெல்லாம் நாவலூர் ஆகிய நாடு இது.

ஏரிக்கும் கால்வாய்க்கும் இடையே

நாவலூர் ஒடுங்கிய நிலத்தில் அமைந்த ஊர். கிழக்கே பக்கிங்காம் கால்வாய், அதற்கப்பால் முட்டுக்காட்டுக் கழி, அதற்கப்பால் மணல், பிறகு கடல். மேற்கே தாழம்பூர், சிறுசேரி, தையூர் என ஏரிகள் தொடர்ந்து வருகின்றன. தெற்கே கேளம்பாக்கத்து உப்பளங்களும் கோவளமும். ஒரு மணி நேர வண்டிப் பயணத்தில் கடல் மணல், கழிமுகச் சேறு, ஏரிக் களிமண், செம்மண், கருங்கல் என ஐவகைத் தரையும் வந்துவிடும். வார இறுதிக்காரர்கள் இப்பகுதியைத் தேர்ந்துகொண்டதன் இரகசியம் இதுதான்.

இவை எவையும் ஆளற்ற காடுகளாக இருந்ததில்லை. 1763இல் ஆர்க்காட்டு நவாபிடமிருந்து கும்பினியார் செங்கற்பட்டுச் சீமையை ஜாகீராகப் பெற்றனர். தாமஸ் பர்னார்டு என்பவர் 1767 முதல் 1774 வரை இச்சீமையை ஊர் ஊராக அளந்தார். சுமார் 2000 ஊர்களின் நிலமும் ஏரியும் குளமும் மந்தைவெளியும் தோப்பும் அக்கணக்கில் ஏறின. பிற்காலத்து வருவாய்த்துறை ஆவணங்களிலும் இப்பாகுபாடு தொடர்கிறது. வண்டிப்பாதை, நடைபாதை, மேய்க்கால், மந்தைவெளி, ஏரி உள்வாய், வாய்க்கால் புறம்போக்கு என ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஒரு பெயரும் ஒரு வேலையும் உண்டு. நகரத்தவர் கண்ணுக்கு வெறும் பொட்டல் என்று தோன்றுவது ஊர்க்கணக்கில் மேய்க்கால்.

இந்தியாவையே அளக்கத் தொடங்கிய இடமும் இதற்கு அருகில்தான். வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரல் 10ஆம் நாள் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். வடமுனை பரங்கிமலை, தென்முனை பெரும்பாக்கம் குன்று. இரண்டுக்கும் இடையே ஏழரை மைல், அதாவது ஏறத்தாழ 12 கிலோமீட்டர். நூறடிச் சங்கிலியைச் சுமார் 400 முறை நீட்டி மடக்கி அளக்க 57 நாட்கள் ஆயின. சித்திரை வெயிலில், சாலை ஏதும் இல்லாத சதுப்பு நில ஓரத்தில், நேர்கோடு பிடித்து நடந்த அந்தக் கூட்டத்தைக் கற்பனை செய்து பாருங்கள். ஏழரை மைலும் அதர்தான்.

கால்வாயின் கதை வேறு விதமானது. 1806இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே காக்ரேன் என்பவர் வெட்டிய கால்வாய், பின்னர் வடக்கிலும் தெற்கிலும் நீண்டது. தாது வருடப் பஞ்சத்தின்போது, 1877-78இல், கஞ்சிக்கு வேலை செய்த மக்களைக் கொண்டு அடையாற்றையும் கூவத்தையும் இணைத்தார்கள். அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் 1878இல் அதற்கு இடப்பட்டது. காலப்போக்கில் தெற்கே மரக்காணம் வரை படகுகள் சென்றன. உப்பும் விறகும் முக்கியச் சரக்கு. படகுக்குக் கயிறு கட்டி இழுத்துச் செல்பவர்கள் நடக்கக் கால்வாயை ஒட்டிக் கரை இருந்தது. அக்கரையின் எச்சங்களில் இன்று மோட்டார் சைக்கிள் ஓடுகிறது. கயிறிழுத்தவன் காலடி, உமணன் சக்கரம், இன்று ரப்பர் டயர்.

பின்பு மாற்றம் விரைவாக வந்தது. 2000இல் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. சிறுசேரியில் சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா எழுந்தது. 2008இல் ஆறுவழிச் சாலையாகி, இராஜீவ் காந்தி சாலை என்று பெயர் பெற்றது. ஒரு சாலை அகலமாகும்போது பக்கத்து ஒற்றையடிப் பாதைகள் பத்து மறைகின்றன. மனைப்பிரிவுகளின் மதில்கள் அவற்றை விழுங்கிவிடுகின்றன. 2019இல் காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து செங்கற்பட்டு மாவட்டம் பிரிந்தபோது, நாவலூர் ஏறக்குறைய நகரமாகவே ஆகியிருந்தது.

சேற்றில் பிறந்த புல்லட்

இனி வண்டிக்கு வருவோம். தமிழ்நாட்டில் புல்லட் என்றவுடன் காவல் ஆய்வாளரும் ஊர்ப் பண்ணையாரும் நினைவுக்கு வருவார்கள். அகலமான சாலையில் நிதானமாக, தடதடவென்று போகும் கம்பீரமான வண்டி. ஆனால் அதன் பிறப்பு சாலையில் நிகழவில்லை.

மோட்டார் சைக்கிளைக் கரடான வழியில் சோதித்துப் பார்க்கும் போட்டிகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிரிட்டனில் உண்டு. ஸ்காட்லாந்தின் ஆறுநாள் போட்டி 1909இல் தொடங்கியது. பன்னாட்டு ஆறுநாள் போட்டி முதன்முதலாக 1913இல் இங்கிலாந்தின் கார்லைலில் நடைபெற்றது. இவை ‘டிரையல்’ எனப்பட்டன. சோதனை என்பது பொருள். ‘டிரெயல்’ என்னும் தடத்தோடு இதனைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. வேகத்தைவிட வண்டியின் உறுதியும் ஓட்டுபவரின் பக்குவமும் அங்கே எடைபோடப்பட்டன. 1924இல் கேம்பர்லியில் நடந்த ஒரு போட்டியில் வேகம் முதன்மை பெற்றது. ‘ஸ்கிராம்பிள்’ என்று அதற்குப் பெயர் வந்தது. ஐரோப்பாக் கண்டத்தில் அது வளர்ந்து ‘மோட்டோகிராஸ்’ ஆயிற்று.

ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 1948இல் 350 சிசி புல்லட்டின் புதிய வடிவத்தைச் சோதனைக்கு விட்டது. அதுவரை பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களின் பின்சக்கரம் சட்டத்தோடு இறுகப் பிணைக்கப்பட்டிருந்தது. பள்ளத்தில் இறங்கினால் அதிர்ச்சி முழுவதும் ஓட்டுபவரின் முதுகெலும்புக்கே. புதிய புல்லட்டில் பின்சக்கரம் ஓர் ஆடும் கையில் பொருத்தப்பட்டு, இருபுறமும் அதிர்வு தாங்கிகள் அமைந்தன. சக்கரம் தரையோடு ஏறி இறங்கும். வண்டி நிலை குலையாது. அதே ஆண்டு இத்தாலியில் நடந்த பன்னாட்டு ஆறுநாள் போட்டியில் பிரிட்டன் அணியின் சார்பில் ஓடிய இரண்டு புல்லட்டுகளும் தங்கப் பதக்கம் பெற்றன. 1952இல் ஜானி பிரிட்டன் 350 சிசி புல்லட்டில் ஸ்காட்லாந்து ஆறுநாள் போட்டியை வென்றார்.

அதே 1952இல்தான் இந்திய இராணுவம் புல்லட்டுகளுக்கு ஆணை கொடுத்தது. ஆணையைப் பெற்றது சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸ். எல்லைப்புறத்தில் சாலையில்லா இடங்களில் ரோந்து செல்வதற்கு ஏற்ற வண்டி என்று அது கருதப்பட்டதில் வியப்பில்லை. 1955இல் இரு நிறுவனங்களும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை அமைத்தன. திருவொற்றியூர்த் தொழிற்சாலை 1956இல் இயங்கத் தொடங்கி, அவ்வாண்டு முடிவதற்குள் 163 வண்டிகளைப் பூட்டி அனுப்பியது. பிரிட்டனில் தாய் நிறுவனம் 1970ஐ ஒட்டி மூடப்பட்டபோது திருவொற்றியூர் மட்டும் தொடர்ந்தது. 1977இல் புல்லட்டை இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தது. ஆக, சேற்றில் சோதிக்கப்பட்டுப் பிறந்த வண்டி, சென்னைக்கு வந்து தார்ச்சாலையின் மரியாதைக்குரிய பெரியவராக ஆகிவிட்டது.

ஏன் அப்படி? ஒரு காரணம், நம் விளையாட்டு தார்ச்சாலையை நாடியது. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தைப் பந்தயக் களமாக்கியது. சோழவரம் பந்தயம் சென்னைவாசிகளுக்குப் பல்லாண்டு ஒரு திருவிழா. 1990இல் திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர்ச் சுற்றுப்பாதை அமைந்தது. இரண்டும் வழவழப்பான தளங்கள்.

மற்றொரு காரணம், கரடுமுரடான வழிக்கென்று வண்டி வாங்கக் கிடைக்கவில்லை. 1968இல் யமஹா நிறுவனம் டிடி-1 என்னும் 250 சிசி வண்டியை வெளியிட்டதோடு அமெரிக்காவில் டிரெயல் வண்டி என்னும் வகையே பெருகிற்று; இந்தியாவின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் அவற்றை இங்கே அண்டவிடவில்லை. இருந்ததைக் கொண்டு ஒப்பேற்றினார்கள். 1985இல் வந்த ஆர்எக்ஸ் 100இன் புகைபோக்கியை உயர்த்தி, கட்டைப் பற்களுள்ள டயரை மாட்டி, மண் பந்தயங்களில் ஓட்டினார்கள்.

இவ்விடத்தில் ஒரு வண்டிக்கு உரிய மரியாதையைச் செய்தாக வேண்டும். 1980இல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50. இருவர் அமரக்கூடிய இச்சிறு மொபெட்டும் அதன் வழிவந்த எக்ஸ்எல் வண்டிகளும் பால் கேன், புல்லுக்கட்டு, தேங்காய் மூட்டை, உரச்சிப்பம் எல்லாவற்றையும் சுமந்து வரப்பிலும் ஏரிக்கரையிலும் ஓடின, இன்றும் ஓடுகின்றன. கவசம் அணிந்த வீரர் இரண்டு இலட்சம் ரூபாய் வண்டியைச் சேற்றிலிருந்து தள்ளிக்கொண்டிருக்க, பக்கத்தில் ஒரு விவசாயி எக்ஸ்எல்லில் அமைதியாகக் கடந்து போகும் காட்சி இப்பகுதியில் அரிதன்று. விளையாட்டாக இல்லாமல் பிழைப்பாக அதர் ஓட்டிய முதல் தலைமுறை அவர்கள்தாம்.

2011இல் ஹீரோ நிறுவனம் இம்பல்ஸ் என்னும் 150 சிசி வண்டியைக் கொண்டுவந்தது. வரவேற்பு போதாமல் சில ஆண்டுகளில் நின்றது. 2016இல் ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் வந்தது. 21 அங்குல முன்சக்கரமும் தரையிலிருந்து 220 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட அந்த வண்டியோடு, புல்லட்டின் மரபு பிறந்த சேற்றுக்கே திரும்பியது எனலாம். 2019இல் ஹீரோவின் எக்ஸ்பல்ஸ் 200 வந்து விலையை எட்டும் தொலைவுக்குக் கொண்டுவந்தது. ராயல் என்ஃபீல்டு 2013இல் ஒரகடத்தில் புதிய தொழிற்சாலையைத் திறந்திருந்தது. வண்டலூர்-வாலாஜாபாத் சாலையில் அமைந்த ஒரகடத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாக நாவலூருக்கு ஒரு காலைப்பொழுதில் வந்துவிடலாம்.

பெரிய அரங்கிலும் தமிழ்நாட்டுத் தொழிலின் தடம் பதிந்தது. 1978 டிசம்பரில் பாரிசிலிருந்து முதன்முறை புறப்பட்ட டக்கார் பந்தயம், பாலைவன அத்தங்களில் இரண்டு வாரம் நடப்பது. 2015இல் பெங்களூரு வீரர் சி. எஸ். சந்தோஷ் 36ஆம் இடம் பெற்று, அதனை முடித்த முதல் இந்தியர் ஆனார். அதே ஆண்டு பிரெஞ்சு நிறுவனமான ஷெர்கோவுடன் சேர்ந்து டிவிஎஸ் அணியும் களம் இறங்கியது. அவ்வணியின் வீரர், கேரளத்துச் ஷொர்ணூரைச் சேர்ந்த ஹரித் நோவா, 2024இல் ஒட்டுமொத்தத்தில் 11ஆம் இடமும் ‘ராலி 2’ பிரிவில் முதலிடமும் பெற்றார்.

கரை என்பது மேடு அன்று

இனி வழியும் வண்டியும் மோதும் இடத்துக்கு வருவோம்.

மண்ணில் வண்டியோட்டும் கலையின் அடிப்படை எளிது. இருக்கையிலிருந்து எழுந்து கால்மிதியில் நின்று ஓட்ட வேண்டும். உடல் தனியாகவும் வண்டி தனியாகவும் அசைய இடம் கிடைக்கும். மணலில் டயரின் காற்றைக் குறைக்க வேண்டும். டயர் பரந்து தரையைப் பிடிக்கும். மணலில் தயங்கினால் முன்சக்கரம் புதையும். முடுக்கம் குறையாமல் போக வேண்டும். ஏரிக் களிமண்ணில் இதற்கு மாறாக, மெல்லிய கைதான் உதவும். சீமைக்கருவேல முள் எந்த டயரையும் மதிக்காது.

பின்சக்கரம் எவ்வளவு வலுவாகத் தரையைப் பிடிக்கிறதோ அவ்வளவு மண்ணைப் பின்னால் வாரி எறியும். சமவெளியில் இதனால் பெரும் கேடில்லை. சரிவான மண் கரையில் ஏறும்போது கேடு தொடங்குகிறது. பத்து வண்டிகள் ஒரே தடத்தில் ஏறி இறங்கினால் கரையில் ஒரு பள்ளக்கோடு விழும். ஐப்பசி மழையில் நீர் அந்தக் கோட்டைத் தேடிவரும். கோடு ஓடையாகும்; ஓடை உடைப்பாகும்.

கரை என்பது மேடு அன்று, சுவர். அதன் பின்னால் ஓர் ஊரின் ஓராண்டுத் தண்ணீர் நிற்கிறது. நம் முன்னோர் இதை எவ்வளவு பெரிதாகக் கருதினர் என்பதற்கு இதே மாவட்டத்தவருக்கு நன்கு தெரிந்த உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் சான்று. முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அவை, குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களைச் சொல்கின்றன. அவற்றுள் ஏரிக்கென்றே தனியாக ஒரு வாரியம் உண்டு. ஏரி பழுதானால் ஊரே பழுதாகும் என்று அறிந்தவர்கள் செய்த ஏற்பாடு.

ஆயிரம் ஆண்டுகள் கடந்தும் அந்தப் பாடம் பழையதாகவில்லை. 2015 டிசம்பர் முதல் நாள் தொடங்கிய மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் சுமார் 49 சென்டிமீட்டர் கொட்டியது. முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. ஏரிகள் நிரம்பி வழிந்த நீர், அடைபட்ட வாய்க்கால்களில் போக வழியின்றி வீடுகளுக்குள் புகுந்தது. அதற்கு மோட்டார் சைக்கிள்காரர்கள் காரணமில்லை. ஆக்கிரமிப்புகளும் தூர்ந்த வாய்க்கால்களுமே பெருங்காரணம். ஆயினும், ஓர் ஏரிக்கரையை விளையாட்டுத் திடலாகப் பார்க்கும் கண்ணுக்கும் மனையாகப் பார்க்கும் கண்ணுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டுக்கும் அந்தக் கரையின் வேலை தெரியாது.

காட்டுக்கும் இது பொருந்தும். நன்மங்கலம் காப்புக்காட்டில் கொம்பன் ஆந்தைகள் பாறை இடுக்குகளில் வாழ்கின்றன. பொட்டல் வெளியில் ஆட்காட்டிப் பறவை கூடே கட்டாமல் சரளைக் கற்களுக்கு நடுவே முட்டையிடுகிறது. கல்லுக்கும் முட்டைக்கும் வேறுபாடு தெரியாது, சக்கரத்துக்கு அறவே தெரியாது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது 1882ஆம் ஆண்டின் வனச்சட்டப்படி இன்றும் குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டபின், மலையேற்றத்துக்கும் தனி விதிகள் வந்தன.

புல் முடிந்து வைப்பவர்கள்

அப்படியானால் வண்டிகளைத் தடுத்துவிட வேண்டுமா? இங்கிலாந்து இக்கேள்வியை நீதிமன்றங்களிலும் நாடாளுமன்றத்திலும் பல்லாண்டு விவாதித்தது. அங்கே மாட்டுவண்டிக் காலத்து மண்பாதைகளில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர், பழைய நிலப்படங்களைத் தேடி எடுத்து, இவ்வழியில் அன்று வண்டி ஓடியது, ஆகவே இன்று எங்களுக்கும் உரிமை உண்டு என்று வாதாடினர். 2006இல் வந்த சட்டம் அந்த வாதத்தைப் பெருமளவு முறித்தது. குதிரை வண்டிக்கு இருந்த உரிமை இயந்திர வண்டிக்குத் தானாக வந்துவிடாது என்பது அதன் சாரம். பதிவேட்டில் முறையாக ஏறியிராத வழிகளில் மோட்டார் உரிமைகள் பெரும்பாலும் நீங்கின. உரிமைப் போரில் தோற்றாலும் அவர்கள் ஒரு நல்ல காரியம் செய்திருந்தனர்: மறந்துபோன நூற்றுக்கணக்கான வழிகளை ஆவணக் காப்பகங்களிலிருந்து வெளியே கொண்டுவந்திருந்தனர்.

நமக்கு உதவுவது இந்தக் கடைசிச் செய்தி. நாவலூரைச் சுற்றியுள்ள வண்டிப்பாதைகளையும் கால்வாய்க் கரைகளையும் தொடர்ச்சியாக அறிந்தவர்கள் இன்று யார்? ஆடு மேய்ப்பவர்கள் குறைந்துவிட்டனர். உப்பு வண்டிகள் போய்விட்டன. படகிழுத்தவர்கள் மறைந்து தலைமுறைகள் ஆயின. ஊர்ப் பெரியவர்களில் பலர் மனைகளை விற்றுப் பெயர்ந்துவிட்டனர். ஒவ்வொரு வாரமும் இவ்வழிகளில் சென்று, எந்தப் பாதை போன வாரம் திறந்திருந்தது, இந்த வாரம் எங்கே மதில் முளைத்தது, எந்த வாய்க்காலில் கட்டட இடிபாடு கொட்டியிருக்கிறது என்று கண்ணால் காண்பவர்கள் இந்த வார இறுதிக்காரர்கள்தாம். அவர்கள் கைப்பேசியில் ஒவ்வொரு தடமும் நாள், நேரம், இடக்குறியீட்டோடு பதிவாகிறது. அவர்கள் அறியாமலே எழுதிவரும் ஆற்றுப்படை அது.

அந்தப் பதிவை ஊர்ப் புலப்படத்தின் மேல் வைத்துப் பார்த்தால், எந்த வண்டிப்பாதை காணாமற்போயிற்று என்பது வெட்டவெளிச்சமாகத் தெரியும். ஏரிகளின் ஆக்கிரமிப்பை அகற்றத் தமிழ்நாட்டில் 2007ஆம் ஆண்டிலேயே தனிச்சட்டம் வந்துவிட்டது. சட்டத்துக்கு வேண்டியது சாட்சி. கரையைச் சிதைப்பவன் என்று பெயரெடுப்பதா, கரைக்குச் சாட்சியாவதா என்பது ஓட்டுபவர் கையில் இருக்கிறது. எளிய ஒழுக்கம் சில போதும்: ஏரிக்கரையின் சரிவில் ஏறாதிருத்தல், மழைக்காலத்தில் ஈரக்கரையை அறவே தவிர்த்தல், காப்புக்காட்டு எல்லைக்கல்லைக் கண்டதும் திரும்புதல், மந்தையைக் கண்டால் இயந்திரத்தை நிறுத்துதல், கதவு திறந்து போன தோட்டத்தை மூடிவிட்டு வருதல்.

இலக்கிய ஆர்வலர்களாகிய நமக்கும் இதில் பங்குண்டு. அதர், இயவு, அத்தம் என்று சொற்களுக்குப் பொருளெழுதிக் கொடுக்கும் நாம், அச்சொற்கள் சுட்டும் நிலத்தை மாணவரை அழைத்துச் சென்று காட்டுவதில்லை. தத்தம் ஊரின் புலப்படத்தை எடுத்துக்கொண்டு, மூத்தவர் ஒருவரை உடன் அழைத்து, வண்டிப்பாதை என்று குறித்த கோட்டின் வழியே ஒருமுறை நடந்து பாருங்கள். அது எங்கிருந்து எங்கே சென்றது, எதை ஏற்றிச் சென்றது, எங்கே முறிந்தது என்று எழுதி வையுங்கள். வழி பிரியும் இடத்தில் புல் முடிந்து வைக்கச் சொன்ன பெருங்கௌசிகனார் நம்மிடம் எதிர்பார்ப்பது அவ்வளவே.